கடைசிப் பல் ஏன் தடித்தது?

திருச்செங்கோடு வட்டாரத்தில் ரிக் வண்டிகளுக்கு வேலை செய்யும் லேத் பட்டறைகள் நிறைய உண்டு. வீட்டிலேயே பட்டறை உள்ள எட்டாம் வகுப்பு மாணவன் ஒருநாள் கேட்டான்: "சார், பல்சக்கரத்துல 28 பல் வெட்டினோம். கடைசிப் பல் மட்டும் தடிச்சுப்போச்சு. ஏன்?"

வட்டத்தைச் சமமாகப் பிரித்துத் தரும் கருவி டிவைடிங் ஹெட். பெரும்பாலானவற்றில் கைப்பிடியை 40 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். 28 பற்களுக்கு 40/28, அதாவது 1 3/7 சுற்று: ஒரு முழுச் சுற்றும், 21 துளை வட்டத்தில் 9 துளைகளும். பின்னம் அப்படியே துளைகளாக அமைவதால் மீதி இல்லை.

அவர்களோ கைப்பிடிக்குப் பதிலாக ஸ்டெப்பர் மோட்டார் பொருத்தியிருந்தார்கள். அது ஒரு சுற்றை 200 படிகளாகச் சுற்றும். 40 சுற்றுக்கு 8,000 படிகள். 8,000 ÷ 28 = 285 5/7. பின்னத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் 285 படி நகர்த்தினார்கள். 28 × 285 = 7,980. விடுபட்ட 20 படிகளும் கடைசிப் பல்லில் சேர்ந்தன.

திருத்தம் எளிது. ஒவ்வோர் இடத்தையும் தொடக்கத்திலிருந்து கணக்கிட்டு, பிறகே முழுதாக்க வேண்டும்: 286, 571, 857... 28ஆவது சரியாக 8,000. எங்கும் அரைப் படிக்கு மேல் பிழை வராது.

வகுப்பில் செய்ய: கோணமானியால் வட்டத்தை 7 பாகமாக்கச் சொல்லுங்கள். 51° வீதம் நகர்ந்தால் கடைசிப் பாகம் 54° ஆகும். பிறகு 51, 103, 154, 206, 257, 309, 360 என்று குறிக்கச் செய்யுங்கள். இரண்டு வட்டங்களையும் பக்கத்தில் வைத்து, முதல் வட்டத்தில் அந்த 3° எங்கிருந்து வந்தது என்று மாணவர்களையே கேளுங்கள்.