புகை திரும்பி வருதா தங்கச்சி? முதலில் ஜன்னலைத் திற

ஊட்டியில் நீ குடிபோன பழைய பங்களாவில் கணப்பு மூட்டினாலே அறை முழுக்கப் புகை என்கிறாய். புகைபோக்கி கட்டியவரைத் திட்டி முடித்துவிட்டாயா? எழுந்துபோய் ஜன்னலை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து வை. பாதித் தொல்லை அதிலேயே தீர்ந்துவிடும்.

சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடியில் இருக்கும் அக்காவுக்கு விறகைப் பற்றி என்ன தெரியும் என்று சிரிக்காதே. பூன் லேயிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஜாலான் பஹார் பக்கம் லோரோங் தாவாஸில் தாவ் குவாங் டிராகன் சூளை இருக்கிறது. 1940இல் கட்டியது. மேட்டில் ஏறும் நீளமான செங்கல் கூடம் அது. கீழ்முனையில் தீ, மேல்முனையில் புகைபோக்கி. விறகிலேயே உள்ளே சூடு 1,200 டிகிரியைத் தாண்டும். அந்தச் சரிவே காற்றை இழுத்துக்கொள்ளும். சூடான காற்று லேசானது, மேலே போகும். அது விட்ட இடத்துக்குக் கீழேயிருந்து புதுக்காற்று வரும். உயரமும் சூடும் கூடினால் இழுப்பும் கூடும். உன் கணப்புக்கும் இதே கணக்குதான்.

ஆனால் நீ குளிருக்குப் பயந்து கதவிடுக்கில் எல்லாம் துணி அடைத்திருப்பாய். மூடி இறுக்கிய பாட்டிலில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் எவ்வளவு வரும்? சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் இன்னும் மோசம். அது புகைபோக்கி வழியாகவே காற்றைக் கீழே இழுக்கும். கணப்பு எரியும்போது ஃபேனை நிறுத்து.

புகைபோக்கி வெளிச்சுவரை ஒட்டியிருந்தால் இரவில் அதற்குள் குளிர்ந்த காற்று கனமாக இறங்கி நிற்கும். விறகைப் பற்றவைக்கும் முன் பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, புகை போகும் வாய்க்கு நேராகப் பிடி. புகை மேலே ஏறத் தொடங்கியதும் சின்னக் குச்சிகளைப் பற்றவை. பெரிய கட்டை அப்புறம்.

விறகு விஷயத்தில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். சீகையோ தைலமரமோ, பிளந்து மழை படாமல் ஆறு மாதமாவது காயவேண்டும். ஊட்டி ஈரத்துக்கு ஒரு வருஷம் என்றே வைத்துக்கொள். இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார்: காய்ந்தது 'டங்' என்னும், ஈரமானது 'தொப்' என்னும். ஈரவிறகின் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். புகை குளிர்ந்து, கறுப்புப் பிசினாகப் புகைபோக்கியின் உட்சுவரில் ஒட்டும். வழி குறுகும், ஒருநாள் அந்தப் பிசினே தீப்பிடிக்கும். வருஷத்துக்கு ஒருமுறை ஆள் வைத்துச் சுத்தம் செய். பறவைக்கூடு இருந்தால் அதுவும் வந்துவிடும்.

இதற்கெல்லாம் மசியவில்லை என்றால்தான் அமைப்பைச் சந்தேகப்படு. கணப்பின் வாய் பெரிதாகவும் புகைக்குழாய் சிறிதாகவும் இருக்கலாம். குழாயின் பரப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும். ஒரு தகரத்தை வாயின் மேல்விளிம்பில் பிடித்து மெல்லக் கீழே இறக்கு. எந்த இடத்தில் புகை நிற்கிறதோ அந்த அளவுக்குக் கொத்தனாரை வைத்து அடைத்துவிடு. 1790களில் ரம்ஃபோர்டு பிரபு லண்டன் கணப்புகளில் செய்த திருத்தமும் ஏறக்குறைய இதுதான்: ஆழத்தைக் குறைத்தார், தொண்டையை ஒடுக்கினார். புகைபோக்கியின் உச்சி கூரையைத் தாண்டி மூன்றடி நிற்கவேண்டும். சுற்றிப் பத்தடிக்குள் இருக்கும் எதையும்விட இரண்டடி உயர்ந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் மோதித் திரும்பும் காற்று புகையைக் கீழே தள்ளும். இது வீட்டுக்காரர் செலவு, தயங்காமல் கேள்.

படுக்கப்போகும்போது சூடு வீணாகிறதே என்று புகைவழித் தகட்டை மூடிவிடாதே. தணல் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு வாசனையும் கிடையாது. கரியடுப்பைப் படுக்கையறைக்குள் கொண்டுபோவதும் வேண்டவே வேண்டாம்; மலையூர்களில் அப்படித் தூங்கியவர்கள் விடிந்து எழவில்லை என்ற செய்தி குளிர்காலத்தில் வரத்தான் செய்கிறது. அந்த வாயுவுக்கென்றே அலாரம் விற்கிறார்கள். அடுத்த முறை வரும்போது ஒன்று வாங்கி வருகிறேன். பேட்டரி மட்டும் நீ போட்டுக்கொள்.