மணற்சட்டி வேதியியல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

முன்னுரை

வேதியியல் என்றதும் நம் நினைவுக்கு வருவன பியூரெட்டும் பிப்பெட்டும் ஆய்வுக்கூடத்து வாடையும்தாம். ஆனால் தீயும் பாத்திரமும் அளவும் சேரும் இடமெல்லாம் வேதியியல் உண்டு. என் வீட்டில் அந்த இடம் அடுப்படியிலுள்ள ஒரு மணற்சட்டி. என் தாயார் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் ஆகிய பண்டிகைகளுக்கு எங்கள் தெருவாருக்கு நான்கத்தாயும் வெண்ணெய் பிஸ்கட்டும் சுட்டுக் கொடுக்கிறார். என் தேர்வுக் கட்டணம் அந்த வருவாயில்தான் கட்டப்படுகிறது. ஆகவே ஒரு தட்டு பிஸ்கட் கெட்டுப் போனால் அது எங்களுக்கு ருசிக் குறைவு மட்டுமன்று. கைமுதல் நட்டமும் ஆகும். அவர் கைப்பழக்கமாகச் செய்யும் செயல்களுக்கு நம் பாடத்தில் உள்ள காரணங்களை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாவும் நெய்யும்

நான்கத்தாய் என்னும் பெயரின் முற்பகுதியாகிய ‘நான்’ என்பது பாரசீக மொழியில் ரொட்டியைக் குறிக்கும். அதற்கு என் தாயாரின் அளவு இது: மைதா இரண்டு டம்ளர், பொடித்த சர்க்கரை ஒரு டம்ளர், உறைந்த நெய் ஒரு டம்ளருக்குச் சற்றுக் குறைவு, புளித்த தயிர் இரண்டு கரண்டி, சோடா உப்பு ஒரு சிட்டிகை, ஏலப்பொடி சிறிது. முதலில் நெய்யையும் சர்க்கரையையும் வெளுத்து நுரைக்கும்வரை கையால் தேய்ப்பார். அப்போது நுண்ணிய காற்றுக் குமிழ்கள் நெய்யில் சிக்கிக்கொள்கின்றன. மாவு அதன் பிறகே சேரும். நான் உதவிக்குப் போனால், “கூட்டி உருட்டினால் போதும். புரோட்டாவுக்கா பிசையறே?” என்பார்.

இந்த ஒரு கேள்வியில் ஒரு பாடமே அடங்கியுள்ளது. கோதுமையில் கிளையடின், குளுட்டனின் என்னும் இரண்டு புரதங்கள் உள்ளன. நீர் சேர்த்துப் பிசைந்தால் இவை இணைந்து குளுட்டன் என்னும் மீள்தன்மையுள்ள வலைப்பின்னலாகின்றன. புரோட்டா மாவு வீச வீச விரிவது இதனால்தான். பிஸ்கட்டிலோ நெய் மாவுத் துகள்களைப் போர்த்தி, நீர் புரதத்தைச் சேராமல் தடுக்கிறது. வலை உருவாவதில்லை, பிஸ்கட் வாயில் உதிர்கிறது. ஒரே மைதா, ஓரிடத்தில் விரிகிறது, மற்றோரிடத்தில் உதிர்கிறது!

சோடா உப்பின் பணி

தமிழ் வழியில் படித்து வந்த எனக்கு முதலாண்டில் பாடத்தைவிட ஆங்கிலக் கலைச்சொற்களே அச்சமூட்டின. ‘தெர்மல் டீகம்போசிஷன்’ என்பது மணற்சட்டிக்குள் சோடா உப்புக்கு நேர்வதுதான் என்று விளங்கியபின் அச்சம் பாதி குறைந்தது.

சோடியம் பைகார்பனேட்டின் இரண்டு மூலக்கூறுகள் வெப்பத்தால் சிதைந்து, சோடியம் கார்பனேட், நீர், கரியமில வாயு ஆகியவற்றில் ஒவ்வொரு மூலக்கூறைத் தருகின்றன. ஒரு சிட்டிகையை 0.42 கிராம், அதாவது 0.005 மோல் என்று கொள்வோம். வெப்பத்தால் மட்டும் சிதைந்தால் 0.0025 மோல் வாயு, அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 60 மில்லி லிட்டர் கிடைக்கும். போதிய அமிலம் இருந்தால் முழு 0.005 மோலும், அதாவது 120 மில்லி லிட்டரும் கிடைக்கும். சிட்டிகைக்குள் இவ்வளவு காற்று!

தயிரிலுள்ள லாக்டிக் அமிலத்துக்கு வேறொரு பணியும் உண்டு. சிதைவில் எஞ்சும் சோடியம் கார்பனேட் காரத்தன்மை மிக்கது; அது மிகுந்தால் பண்டம் கசந்து சோப்பு வாடை வீசும். “தயிர் ஊத்தலேன்னா சவக்காரம் மாதிரி இருக்கும்” என்று தாயார் சொல்வது அமில கார நடுநிலையாக்கலையே.

ஒரு மழைக்காலத் தீபாவளியில் வெண்ணெய் பிஸ்கட் அப்பளம்போல் தட்டையாகிவிட்டது. பழைய பேக்கிங் பவுடரே காரணம். சோடா உப்பு, உலர்ந்த அமிலப் பொருள், மாவுப்பொருள் ஆகியவற்றின் கலவை அது. ஈரம் புகுந்தால் வினை பொட்டலத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். வெந்நீரில் ஒரு கரண்டி போட்டுப் பார்த்தோம், நுரைக்கவில்லை. அன்று முதல் எங்கள் வீட்டில் பவுடர் மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் இருக்கிறது. ஒவ்வொரு பண்டிகைக்கு முன்பும் வெந்நீர்ச் சோதனையும் நடக்கிறது.

மணலும் நிறமும்

எங்களிடம் மின் அடுப்பு இல்லை. கனத்த சட்டியில் இரண்டு விரற்கடை மணல் பரப்பி, அதன்மேல் இரும்பு வளையம், வளையத்தின்மேல் தட்டு, மேலே மூடி. கால் மணி நேரம் காய்ந்தபின் பிஸ்கட்டை வைப்பார். மணல் மெல்லச் சூடேறி மெல்ல ஆறுவதால் தீ ஏறி இறங்கினாலும் தட்டின் வெப்பம் சட்டென மாறாது. வெப்பமானி இல்லாத குறைக்கு, வெறுந்தட்டில் சிறிது மாவைத் தூவிப் பார்ப்பார். உடனே கருகினால் தீ அதிகம். நிதானமாகச் சிவந்தால் பதம்.

சுடுமுன் மேலே பால் தடவுவார். அமினோ அமிலங்களும் ஒடுக்கும் சர்க்கரைகளும் சூட்டில் வினைபுரிந்து பழுப்பு நிறமும் மணமும் தருவதை 1912-இல் பிரெஞ்சு அறிஞர் மையார் விளக்கினார். நாம் போடும் வெள்ளைச் சர்க்கரை ஒடுக்கும் சர்க்கரை அன்று. பாலிலோ லாக்டோஸ் என்னும் ஒடுக்கும் சர்க்கரையும் உண்டு, புரதமும் உண்டு. மையாரின் பெயரைக் கேள்விப்படாமலேயே தாயார் அவர் வினைக்கு வேண்டிய இரண்டையும் ஒரே தடவலில் சேர்த்துவிடுகிறார்.

வனஸ்பதி

கைப்பழக்கத்தால் அறிய முடியாததும் ஒன்று உண்டு. செலவு கருதித் தாயார் முன்பு வனஸ்பதியையே பயன்படுத்தினார். நிக்கல் வினையூக்கியின் துணையால் எண்ணெயில் ஹைட்ரஜனைச் சேர்த்துக் கெட்டியாக்கும் முறைக்கு ஜெர்மானியரான நார்மன் 1902-இல் காப்புரிமை பெற்றார். இவ்வினை முற்றுப்பெறாதபோது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. அது இரத்தத்தில் தீய கொழுப்பை மிகுவிப்பதால், எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது 2 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்னும் விதி 2022 முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. சிஸ், டிரான்ஸ் அமைப்புகளை இரண்டு தீக்குச்சிகளை ஒடித்து வைத்துத் தாயாருக்கு விளக்கினேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், “பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களும்தானே தின்னுது” என்றார். அடுத்த பண்டிகைக்கு நெய் வாங்கினோம். விலையைக் கூட்ட வேண்டியிருந்தது. சிலர் வாங்காமல் போயினர். ஆயினும் அவர் பழையதற்குத் திரும்பவில்லை.

முடிவுரை

காரணம் தெரியாமலும் கை சரியாகச் செய்யும்; ஆனால் பண்டம் ஏன் கெட்டது என்பதையும், கண்ணுக்குத் தெரியாத தீங்கு எது என்பதையும் காரணம் அறிந்தவரே சொல்ல இயலும். நம் கல்லூரியில் நெசவு, சாயம், பனைவெல்லம், உப்பளம் எனப் பல தொழில் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறோம். துறைக் கருத்தரங்கில் ஆளுக்கொரு வீட்டுத் தொழிலை எடுத்து, அதன் வேதியியலை விளக்க நம் பேராசிரியர்கள் வாய்ப்பளிக்க வேண்டுகிறேன். மணற்சட்டியைத் தூக்கிக்கொண்டு வர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.