மைக்ரோஸ்கோப்பில் ஆட்டோஃபோகஸ் பொருத்தப் போகும் பிள்ளைகளுக்கு

1. முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தக் கருவி செல்லைப் பார்ப்பதே இல்லை. செல் ஒட்டியிருக்கும் கண்ணாடியைத்தான் பார்க்கிறது. லென்ஸ் வழியே அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, கவர்ஸ்லிப் எனும் அந்தக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு, லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள தூரத்தை மாறாமல் காக்கிறது. கண்ணாடிக்கு எவ்வளவு மேலே நமக்கு வேண்டிய தளம் இருக்கிறது என்பதை நீங்கள்தான் சொல்லிவைக்க வேண்டும். பிரியும் செல் உருண்டு எழும்பினால் அது கருவிக்குத் தெரியாது.

2. திரும்பி வரும் அந்த ஒளி மிகச் சொற்பம். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52, நீருக்கு 1.33, இரண்டும் சந்திக்கும் பரப்பில் 0.4 சதவீதம்தான் திரும்பும். ஆயில் லென்ஸில் கவர்ஸ்லிப்பின் அடிப்பரப்பு எண்ணெயோடு ஒன்றிவிடுவதால் மேற்பரப்பு மட்டுமே மிஞ்சும். அது நமக்கு நல்லது. ஏர் லென்ஸில் அப்படியில்லை. 0.17 மி.மீ. கீழே இருக்கும் அடிப்பரப்பு பத்து மடங்கு பளிச்சென்று ஒளியைத் திருப்பும். கருவி அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: பிசின் ஊற்றி ஒட்டிய பழைய ஸ்லைடை வைத்துச் சோதிக்காதீர்கள். பிசினின் ஒளிவிலகல் எண் கண்ணாடியை நெருங்கிவிட்டால் திரும்ப ஒளியே இருக்காது. கருவி கெட்டுப்போனது என்று புகார் எழுதுவதற்குள், அடியில் கண்ணாடி வைத்த டிஷ்ஷில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

3. பெட்டியைப் பிரிக்கும் முன் ஒளிப்பாதையைக் காகிதத்தில் வரையுங்கள். நிக்கானின் பெர்ஃபெக்ட் ஃபோகஸ் போல மைக்ரோஸ்கோப்போடு பிறந்தவை லென்ஸுக்கு அடியிலேயே 870 நானோமீட்டர் ஒளியைச் சேர்த்துவிடும். பழைய மைக்ரோஸ்கோப்பில் பின்னால் பொருத்துபவை பெரும்பாலும் கேமரா போர்ட்டில் உட்காரும். அப்போது அகச்சிவப்பு ஒளி ஃபில்டர் க்யூபை இரண்டு முறை கடக்க வேண்டும். பல எமிஷன் ஃபில்டர்கள் அந்த ஒளியைத் தடுத்துவிடும். ஆகவே உங்களிடமுள்ள ஒவ்வொரு க்யூபின் ஒளி கடத்தல் வரைபடத்தையும் எடுத்து, 850 நானோமீட்டருக்கு அருகே கோடு எங்கே ஓடுகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். கருவிக்கு ஆர்டர் போடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. கேமரா சென்சாருக்கும் அகச்சிவப்பு தெரியும். எல்லா விளக்கையும் அணைத்து, ஆட்டோஃபோகஸை மட்டும் ஓடவிட்டு, நீண்ட எக்ஸ்போஷரில் ஒரு படம் எடுங்கள். படம் வெளுத்திருந்தால் கேமராவுக்கு முன்னே தடுப்பு ஃபில்டர் வேண்டும்.

4. ஆட்டோஃபோகஸ் வருகிறது என்பதற்காக மைக்ரோஸ்கோப்பை ஆடவிடாதீர்கள். 10 செ.மீ. அலுமினியம் ஒரு டிகிரி சூட்டுக்கு இரண்டு மைக்ரோமீட்டருக்கு மேல் நீளும், 1.4 துளை எண் கொண்ட லென்ஸின் ஃபோகஸ் ஆழமோ அரை மைக்ரோமீட்டர்கூட வராது. எனவே மைக்ரோஸ்கோப்பைச் சூழ்ந்த 37 டிகிரி வெப்ப உறையை முந்தைய நாள் மாலையே இயக்கிவையுங்கள். ஏசி காற்று ஸ்டேஜ் மேல் நேராக விழக் கூடாது. டிஷ்ஷைக் கிளிப் போட்டு இறுக்குங்கள். லைவ் படத்தைப் பார்த்தபடி அதன் விளிம்பை விரலால் லேசாகத் தொட்டால், ஆடுகிறதா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும்.

5. ஃபோகஸை ஒரு நேரத்தில் ஒரு மோட்டார்தான் நகர்த்த வேண்டும். ஸ்டேஜில் பியசோ வைத்து அடுக்கடுக்காகப் படம் எடுப்பவர்கள், அந்த நேரத்துக்கு ஆட்டோஃபோகஸை நிறுத்தும்படி மென்பொருளில் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் பியசோ டிஷ்ஷை உயர்த்த உயர்த்தக் கருவி லென்ஸையும் கூடவே உயர்த்தும். எல்லா அடுக்கும் ஒரே படமாக வந்து சேரும்.

6. லென்ஸ் மாற்றினால் அளவீட்டை மறுபடி செய்யுங்கள். எண்ணெயில் குமிழி வேண்டாம்.

7. செல்லை வைப்பதற்கு முன் ஓர் இரவு ஒதுக்குங்கள். கண்ணாடியில் ஒட்டிய ஒளிரும் மணிகளுக்கு மேல் நீர் ஊற்றி, 37 டிகிரியில், 5 நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். நடுவே உறைக் கதவைத் திறந்து மூடுங்கள். நான்கைந்து இடங்களுக்கு ஸ்டேஜை ஓட்டித் திரும்ப வரவையுங்கள். மறுநாள் இரவு ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு இதையே திரும்பச் செய்யுங்கள். இரண்டு வரிசைப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் மாணவர்களை டிஷ்ஷோடு உள்ளே விட வேண்டும்.