‘பரையா’ என்னும் ஆங்கிலச் சொல்

சென்ற வாரம் பங்கு வாலிபர் ஒருவர் ஆங்கிலத் தினசரி ஒன்றைக் கொண்டுவந்தார். பிற நாடுகள் ஒதுக்கிவைத்த தேசம் ஒன்றை அது ‘பரையா’ தேசம் என்று எழுதியிருந்தது. “சுவாமி, இது நம்முடைய சொல்லைப்போல் இருக்கிறதே?” என்றார். நம்முடைய சொல்தான். அதன் வரலாற்றை நாம் அறிந்திருக்க வேண்டும்.

பறை என்பது தோற்கருவி. பறைதல் என்றால் சொல்லுதல். பாலக்காட்டுப் பக்கம் இன்றும் அந்தப் பொருளில் பேசக் கேட்கலாம். செய்தியை ஊரறிய முழக்கியது பறை. பறையிலிருந்தே பறையர் என்ற பெயர் வந்ததென்பர். புறநானூற்றின் 335ஆம் பாட்டு, துடியன், பாணன், கடம்பன் என்போருடன் பறையனையும் சேர்த்து, சிறந்த நான்கு குடிகளுள் ஒன்றாக எண்ணுகிறது.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இப்பெயரைத் தம் நூல்களில் எழுதினர். அடுத்த நூற்றாண்டில் அது ஆங்கிலத்தில் புகுந்தது. வந்தவர்கள் பெயரைக் கேட்டதோடு, ஊருக்குப் புறம்பே கிடந்த சேரியையும் கண்டார்கள். ஆகவே 19ஆம் நூற்றாண்டில் அச்சொல், விலக்கப்பட்டவர் எவரையும் குறிக்கலாயிற்று. பறை முழக்குபவர் என்ற பொருள் கடல் தாண்டவில்லை. நம் தீண்டாமை தாண்டிற்று.

இரட்டைமலை சீனிவாசன் நம் கோயமுத்தூரில் படித்தவர். தம் சாதி தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்களே என்று அஞ்சி, மாணவர்களுடன் பழகாமல் வெளியே எங்கேனும் வாசித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைந்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவரே 1893இல் சென்னையில் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். 1930இல் அம்பேத்காருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டிலும் அமர்ந்தார். ஒளித்துவைத்த பெயரைத் தலைநிமிர்ந்து சொன்னார்.

இதில் ஆங்கிலேயரை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. நம் திருச்சபையும் குற்றமற்றதல்ல. வடக்கன்குளம் கோவிலில் சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது.

மாணவர்களே, ஒதுக்கப்பட்டவரைக் குறிக்க ஆங்கிலத்தில் வேறு சொற்கள் உண்டு, அவற்றை எழுதுங்கள். பெற்றோரே, வீட்டில் கோபத்திலும் இப்பெயரை வசையாகச் சொல்லாதீர்கள். உங்கள் பிள்ளை அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும். அங்கே மணி அடிக்கும்வரை வெளியே நிற்கும் பிள்ளை ஒன்று இன்றும் இருக்கலாம்.