நாற்றங்காலும் ஆடுகளமும்

பவானியும் நொய்யலும் அமராவதியும் பாய்ந்து வளஞ்செய்யும் நாடு கொங்குநாடு. அந்நாட்டு உழவர் ஆற்றுப் பாசனம் உள்ள இடத்தில் நெல்லையும், கிணற்றுப் பாசனம் உள்ள இடத்தில் மிளகாய், கத்தரி முதலியவற்றையும் பயிர் செய்வர். அவர் விதையை நேரே பெருவயலிற் கொண்டுசென்று இறைத்துவிடுவதில்லை. சிறியதோர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, மண்ணை நன்கு பண்படுத்தி, எருவிட்டு, நல்ல விதையைப் பாவி, நாற்று வளர்ப்பர். கோழி கிளறாமலும் வெள்ளம் அரிக்காமலும் அதனைக் கண்ணுங் கருத்துமாகக் காப்பர். உரிய காலம் வந்த பின்னரே நாற்றைப் பிடுங்கி வயலில் நடுவர். நாற்று நலிந்ததாயின் பின்னர் எவ்வளவு எரு இட்டாலும் விளைவு சிறவாது என்பது அவர் பட்டறிவால் உணர்ந்த உண்மை.

பயிருக்கு உரிய இவ்வுண்மை விளையாட்டிற்கும் உரியது. கால்பந்தாட்டத்தையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டு ஆடும் வீரர்கள் இன்று உலகெங்கும் உள்ளனர். தொண்ணூறு நிமிடம் ஓடியாடி அவர்கள் காட்டும் திறமையைக் கண்டு மக்கள் வியக்கின்றனர். அத்திறமை ஒரு நாளிலோ ஓராண்டிலோ வந்ததன்று. சிறுவயது முதற்கொண்டு பத்தாண்டு, பன்னிரண்டு ஆண்டு முறையாகப் பயின்றதன் பயனே அது. அவ்வாறு சிறுவரைச் சேர்த்துப் பயிற்றும் இடத்தை அகாடமி என்று வழங்குவர். இளையோர் பயிற்சிப் பள்ளி என்று நாம் அதனைக் குறிக்கலாம். அதுவே கால்பந்தாட்டத்தின் நாற்றங்கால்.

அதன் அருமையைக் கோயம்புத்தூர் நகரின் அண்மைக்கால வரலாறே நன்கு விளக்கும். 1946-ஆம் ஆண்டிற் சென்னை நுங்கம்பாக்கத்தில் தோன்றிய கால்பந்துக் கழகம் ஒன்று, பிற்காலத்திற் சென்னை சிட்டி என்னும் பெயர் பூண்டு, இந்திய நாட்டுக் கழகங்கள் கலந்துகொள்ளும் ஐ-லீக் போட்டியில் இடம்பெற்றது. பின்னர் அது கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கைத் தன் சொந்தக் களமாக அமைத்துக்கொண்டது. 2018-19 ஆம் ஆண்டுப் போட்டியில் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் அவ்வணிக்குப் பயிற்றுநராக விளங்கினார். இறுதி ஆட்டம் 2019 மார்ச் 9-ஆம் நாள் கோயம்புத்தூரில் நடைபெற்றது. எதிரணியாகிய மினர்வா பஞ்சாப் முதலிற் கோல் அடித்து முந்திக்கொண்டது. ஆயினும் சென்னை சிட்டி அணியினர் மனந்தளராது ஆடி மூன்று கோல் அடித்து, 3-1 என்ற கணக்கில் வென்றனர். கொல்கத்தாவின் புகழ்பெற்ற ஈஸ்ட் பெங்கால் அணி 42 புள்ளி பெற்றிருக்க, இவ்வணி 43 புள்ளி பெற்று ஒரு புள்ளி வேறுபாட்டிற் பட்டத்தைக் கைக்கொண்டது. கொங்குநாட்டு மக்கள் கொண்ட மகிழ்ச்சிக்கு அன்று எல்லையில்லை.

அவ்வெற்றிக்குப் பெருந்துணை புரிந்தவர் உருகுவே நாட்டிற் பிறந்து ஸ்பெயினில் ஆடிவந்த பெட்ரோ மான்சி. அவர் ஒருவரே அவ்வாண்டில் 21 கோல் அடித்தார். எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் முதலிய தமிழ்நாட்டு இளைஞரும் அவ்வணியில் திறம்பட ஆடிப் பெயர் பெற்றனர். ஆனால் அப்பெருமை நெடுங்காலம் நிலைக்கவில்லை. வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக வேறு கழகங்களுக்குச் சென்றனர். 2020-21 ஆம் ஆண்டுப் போட்டிக்குப் பின்னர் அக்கழகம் ஐ-லீக்கில் ஆடவேயில்லை. வெற்றி முழக்கம் எழுந்த ஆடுகளத்தில் அவ்வணியின் ஆட்டம் ஓய்ந்தது.

இதனால் நாம் அறிவது யாது? பல இடங்களிலிருந்து வீரரைக் கூட்டி ஓர் அணி அமைக்கலாம். அவ்வணி பட்டமும் பெறலாம். அது விலைக்கு வாங்கிய நாற்றை நட்டு ஒரு போகம் விளைவித்தது போன்றது. ஆண்டுதோறும் விளைவு வேண்டுமாயின் நாற்றங்கால் நமக்கே உரியதாக இருத்தல் வேண்டும். அணி கலைந்தாலும், கழகத்தை நடத்துவோர் மாறினாலும், சிறுவரைப் பயிற்றும் பள்ளிகள் ஊர்தோறும் நிலைத்திருக்குமாயின் வீரர் வரிசை அற்றுப்போகாது.

இனி, இத்தகைய பள்ளி சிறுவர்க்குச் செய்யும் நன்மைகளைக் காண்போம். தெருவிலும் திடலிலும் பந்து உதைத்து ஆடும் சிறுவனிடம் ஆர்வம் இருக்கும், வேகமும் இருக்கும். ஆனால் அவன் பெரும்பாலும் ஒரு காலையே பயன்படுத்துவான். பந்து எங்கே செல்கிறதோ அங்கே எல்லாரோடும் சேர்ந்து ஓடுவான். அவனை நல்ல பயிற்றுநர் படிப்படியாகத் திருத்துவார். ஆறு முதல் ஒன்பது வயதுவரை விளையாட்டின் இன்பமே முதன்மை. அப்பருவத்தார்க்குச் சிறிய திடலே ஏற்றது. அணிக்கு நால்வரோ ஐவரோ போதும். மூன்றாம் அளவுப் பந்து என்னும் சிறு பந்தை அவர்களிடம் கொடுப்பர். இருபத்திரண்டு பேர் ஆடும் பெருந்திடலில் ஒரு சிறுவனின் காலிற் பந்து எப்போதோ ஒருமுறைதான் படும். சிறு திடலிலோ அது மீண்டும் மீண்டும் அவனிடம் வரும். காலும் பந்தும் பழகுவதற்கு அதுவே வழி.

பத்து முதல் பதின்மூன்று வயதுவரை உள்ள பருவம் நுட்பங்களைக் கற்பதற்கு உரியது. பந்தை நிறுத்துதல், திருப்புதல், இரு காலாலும் செலுத்துதல், தலைநிமிர்ந்து தோழன் நிற்கும் இடத்தை அறிந்து அனுப்புதல் ஆகியவை அப்போது எளிதிற் படியும். அதன்பின் அணியாக ஆடும் முறையும், எதிரணியின் போக்கை உய்த்துணரும் அறிவும் வளர்க்கப்பெறும். உடல் வளர்ச்சிக்கேற்ற உணவு, போதிய உறக்கம், காயம் ஆறுவதற்கு வேண்டிய ஓய்வு ஆகியவையும் பயிற்சியின் பகுதிகளே. வளரும் எலும்பின்மேல் அளவு மீறிய சுமையை ஏற்றுவது முளைக்கும் பயிரை மிதிப்பது போலாகும். ஆதலால், இன்று வெல்வதைக் காட்டிலும் நாளை சிறப்பதையே நல்ல பயிற்றுநர் எண்ணுவார்.

பிற நாடுகளின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனா நகரில் லா மாசியா என்னும் இளையோர் பயிற்சிப் பள்ளி உள்ளது. மாசியா என்பது அந்நாட்டுக் கட்டலான் மொழியில் உழவர் தோட்டத்து வீட்டைக் குறிக்கும் சொல். கொங்குநாட்டார் தோட்டத்துச் சாளை என்று கூறுவது போன்றது அது. 1702-இல் கட்டப்பெற்ற பழைய தோட்டத்து வீடு ஒன்றை 1979-இல் பார்சலோனாக் கழகத்தார் வெளியூர்ச் சிறுவர் தங்கிப் பயிலும் விடுதியாக ஆக்கினர். அதன் பெயரே பள்ளிக்கும் பெயராயிற்று. 2011-இல் விடுதி புதிய கட்டடத்திற்கு மாறியபோதும் பெயர் மாறவில்லை.

அர்ஜென்டினா நாட்டு லயனல் மெஸ்ஸி பதின்மூன்று வயதிற் பார்சலோனாவிற்கு வந்தார். உடல் வளர்ச்சிக் குறைவுக்கு அவர் பெறவேண்டியிருந்த மருத்துவச் செலவைக் கழகமே ஏற்றது. சிற்றூரிற் பிறந்த ஆந்திரேஸ் இனியெஸ்டா பன்னிரண்டு வயதில் அவ்விடுதியை அடைந்தார். பெற்றோரைப் பிரிந்த துயரால் அழுதார். அச்சிறுவரே 2010-ஆம் ஆண்டு உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராக ஒரே கோலை அடித்துத் தம் நாட்டிற்குக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். அவ்வாண்டில் உலகின் தலைசிறந்த வீரர்க்கான விருதுக்கு இறுதியாகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற மெஸ்ஸி, இனியெஸ்டா, சாவி ஆகிய மூவரும் ஒரே பள்ளியில் வளர்ந்தவர்கள்.

ஜெர்மனி நாட்டின் வரலாறு மற்றொரு பாடம் புகட்டும். 2000-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் அந்நாட்டு அணி ஒரு வெற்றியும் பெறாது, ஒரே கோல் அடித்து வெளியேறியது. அந்நாட்டார் தோல்விக்குப் பயிற்றுநரை மாற்றியதோடு அமையவில்லை. உயர்நிலைக் கழகங்கள் ஒவ்வொன்றும் இளையோர் பயிற்சிப் பள்ளி நடத்துதல் வேண்டும் என்று விதித்தனர். நாடெங்கும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சி நிலையங்களை நிறுவிச் சிறுவரைத் தேடிச் சென்றனர். 2014-இல் அந்நாடு உலகக் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் வெற்றிக் கோலை அடித்த மாரியோ கோட்சே, சிறுவயதிலேயே டார்ட்மண்ட் கழகத்தின் பயிற்சிப் பள்ளியிற் சேர்ந்து வளர்ந்தவர். விதைத்ததற்கும் அறுத்ததற்கும் இடையே பதினான்கு ஆண்டு சென்றது. அத்துணைக் காலம் பொறுத்திருந்த உறுதியே அந்நாட்டார் கற்றுத் தரும் பாடம்.

நம் நாட்டிலும் இம்முயற்சி இல்லாமற் போகவில்லை. 1987-இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனத்தார் கால்பந்துப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். கார்ல்டன் சாப்மன், ரெனெடி சிங், சுப்ரதா பால் முதலிய இந்திய வீரர் பலரை அப்பள்ளி அளித்தது. 2017-இல் பதினேழு வயதிற்குட்பட்டோர் உலகக் கோப்பைப் போட்டி இந்தியாவில் நடைபெற்றது. அப்போது கொலம்பியாவிற்கு எதிராக ஜீக்சன் சிங் அடித்த கோலே, உலகக் கோப்பைப் போட்டி எதிலும் இந்தியா அடித்த முதற்கோல். மணிப்பூரிற் பிறந்த அவ்விளைஞர் சண்டிகர்ப் பயிற்சிப் பள்ளியிற் பயின்றவர்.

தமிழ்நாட்டில் வடசென்னை வியாசர்பாடியில் எளிய குடும்பத்துச் சிறுவர்க்கெனத் தொண்டு மனம் படைத்தோர் சிலர் 1997-இல் ஓர் அமைப்பை ஏற்படுத்தினர். கால்பந்தோடு கல்வியையும் சேர்த்தே ஊட்டுவது அதன் நோக்கம். அப்பகுதியில் வளர்ந்த தனபால் கணேஷ் சென்னையின் எஃப்.சி. அணியிலும் இந்திய அணியிலும் இடம்பெற்றார். கடலூரில் பெண் மக்களுக்குக் கால்பந்துப் பயிற்சி அளிக்கும் பள்ளி ஒன்று உண்டு. அவ்வூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணியில் ஆடிப் புகழ் கொண்டார். 2018-இல் தமிழக மகளிர் அணி மணிப்பூரை வென்று தேசியப் பட்டம் பெற்றது. பெருஞ்செல்வம் இல்லாத இடத்திலும், முயற்சியும் ஒழுங்கும் இருப்பின் நாற்று முளைக்கும் என்பதற்கு இவை எடுத்துக்காட்டு.

கொங்குநாட்டிற்கு இம்முறை புதியதன்று. பஞ்சாலைகளும் இயந்திரத் தொழிலும் கோயம்புத்தூரிற் பெருகியபோது, தொழிலறிந்த இளைஞரை வேற்றூரிலிருந்தே வரவழைத்துக் கொண்டிருக்க இயலாது என்பதை அறிஞர் உணர்ந்தனர். 1926-இல் பீளமேட்டிற் பூ.சா.கோ. அறநிலையத்தார் தொழிற்பயிற்சி நிலையம் அமைத்தனர். அங்கே இளைஞர் இயந்திரத்தின் அருகில் நின்றே தொழில் கற்றனர். பம்பும் மோட்டாரும் செய்யும் நகரமாகக் கோவை சிறந்ததற்கு இத்தகைய பயிற்சியும் ஒரு காரணம். தொழிலுக்கு அன்று செய்ததை விளையாட்டிற்கு இன்று செய்தல் கொங்குநாட்டார்க்கு அரிதாகுமா?

இவ்விடத்தில் எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். பயிற்சிப் பள்ளியிற் சேரும் சிறுவர் அனைவரும் புகழ்பெற்ற வீரராகிவிடுவதில்லை. மிகச் சிலரே அந்நிலையை எய்துவர். ஒரு காயமே ஒருவரது ஆட்டத்தை முடித்துவிடவும் கூடும். ஆதலின் பாடநூலைப் பறித்துவிட்டுப் பந்தை மட்டும் கொடுக்கும் பள்ளி நல்ல பள்ளியாகாது. உறுதியாக வீரனாக்குவோம் என்று ஆசை காட்டிப் பொருள் பறிப்போரிடமும், வயதைக் குறைத்து எழுதிப் போட்டிக்கு அனுப்புவோரிடமும் பெற்றோர் விழிப்பாக இருத்தல் வேண்டும். பயிற்றுநர் தகுதி பெற்றவரா, பள்ளிப் படிப்புக்கு நேரம் ஒதுக்கப்படுகிறதா, காயமுற்றால் மருத்துவ உதவி உண்டா என்று கேட்டறிந்த பின்னரே பிள்ளைகளைச் சேர்த்தல் முறை. வீரனாகாத மாணவனும் நல்ல உடல்நலம், காலந்தவறாமை, தோழரோடு ஒத்துழைத்தல், தோல்வியைத் தாங்குதல் ஆகிய பண்புகளோடு வெளிவருவானாயின் அப்பள்ளி தன் கடமையைச் செய்ததாகும். நாற்றங்காலின் தகுதியை அளக்கும் அளவுகோல்களுள் இதுவும் ஒன்று.

பள்ளி நடத்துவோர்க்கும் ஊதியம் உண்டு. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு சிறந்ததொரு விதியை வகுத்துள்ளது. வீரர் ஒருவரை ஒரு நாட்டுக் கழகத்திலிருந்து மற்றொரு நாட்டுக் கழகம் விலை பேசிப் பெறுமாயின், அத்தொகையில் 5 விழுக்காட்டை அவர் பன்னிரண்டு வயது முதல் இருபத்து மூன்று வயதுவரை பயின்ற கழகங்களுக்குப் பகிர்ந்து அளித்தல் வேண்டும். ஒரு கோடி ரூபாய் கைமாறினால் ஐந்து இலட்சம் அக்கழகங்களைச் சேரும். களத்தில் விளைந்ததில் நாற்று வளர்த்தவர்க்கும் பங்கு உண்டு என்னும் நேர்மை இவ்விதியில் அமைந்துள்ளது.

கொங்குநாட்டில் திடல்கள் உள்ளன. ஆர்வம் மிக்க சிறுவரும் சிறுமியரும் உள்ளனர். அறப்பணிக்கு வாரி வழங்கும் செல்வரும் உள்ளனர். இம்மூன்றையும் இணைக்கும் பொறுமையே இனி வேண்டுவது. இன்று ஆறு வயதுக் குழந்தையின் காலிற் சிறு பந்தை உருட்டிவிடுவோர், அக்குழந்தையின் ஆட்டத்தைக் காணப் பன்னிரண்டு ஆண்டு காத்திருத்தல் வேண்டும். நாற்று வளரக் காத்திருக்கத் தெரிந்த உழவரின் வழிவந்தோர்க்கு அப்பொறுமை இயல்பாகவே அமையும். அது கைகூடும் நாளில், 2019-இல் ஒருமுறை எழுந்த வெற்றி முழக்கம் கோயம்புத்தூர் ஆடுகளத்தில் மீண்டும் எழும். ஆண்டுதோறும் நிலைத்தும் நிற்கும்.