ஆலைவாசல் விலையும் அடுப்படிச் செலவும்

ஒவ்வொரு மாதமும் நடுவாக்கில், ஓரிரு நாள் இடைவெளியில் இரண்டு பணவீக்க எண்கள் வெளியாகின்றன. தேசியப் புள்ளியியல் அலுவலகம் தருவது சில்லறை விலைக் குறியீடு, அதாவது நுகர்வோர் விலைக் குறியீடு. வர்த்தக, தொழில் அமைச்சகத்தின் பொருளாதார ஆலோசகர் அலுவலகம் தருவது மொத்த விலைக் குறியீடு. இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டால் பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு நட்டம்தான்.

நம்பிக்கை: மொத்த விலை என்பது நம் தெருக்கடைக்காரர் சரக்கு எடுக்கும் விலை.

உண்மை: 2011-12 அடிப்படையிலான மொத்த விலைக் குறியீட்டில் 697 பொருட்கள் உள்ளன. அதில் 64 சதவீதப் பங்கு ஆலைத் தயாரிப்புகளுக்கு. அவற்றுக்குப் பெரும்பாலும் ஆலையை விட்டு வெளியேறும்போது உள்ள விலையே கணக்கு. பக்கத்து ராஜாஜிநகரில் தயாராகும் மைசூர் சாண்டல் சோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆலைவாசலைத் தாண்டிய பிறகு ஜி.எஸ்.டி., லாரி வாடகை, ஏஜென்சி கமிஷன், கடைக்காரர் லாபம் எல்லாம் ஏறித்தான் அது நம் கைக்கு வருகிறது. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், டாக்டர் ஃபீஸ் ஆகியவை மொத்த விலைக் குறியீட்டில் அறவே இல்லை.

நம்பிக்கை: மொத்த விலை இறங்கினால் காய்கறிக் கடையிலும் இறங்கும்.

உண்மை: 2023 ஜூலையை நினைத்துப் பாருங்கள். தக்காளி எட்டாத விலைக்குப் போன மாதம் அது. சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதம். மொத்த விலைப் பணவீக்கமோ பூஜ்யத்துக்கும் கீழே. இரண்டு கணக்குமே சரி. உலோகம், ரசாயனம், கனிம எண்ணெய் போன்றவை மலிந்ததால் மொத்த விலை சரிந்தது. அன்றைய சில்லறைக் குறியீட்டில் உணவின் பங்கு ஏறத்தாழ 46 சதவீதம். மொத்த விலைக் குறியீட்டில் 24 சதவீதம்தான்.

நம்பிக்கை: பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது.

உண்மை: விலை ஏறும் வேகம் குறைந்தது என்பதே அதன் பொருள். பூஜ்யத்துக்குக் கீழே போனால்கூடப் பழைய விலை திரும்பிவிடாது. 2021 மே மாதம் மொத்த விலைக் கணக்கில் 100 ரூபாயாக இருந்த சரக்கு, அடுத்த மே மாதம் ஏறத்தாழ 116 ரூபாய். 2023 மே மாதம் மொத்த விலைப் பணவீக்கம் எதிர்மறை எண்ணாக இருந்தபோதும் அது கிட்டத்தட்ட 112 ரூபாயில் நின்றது.

நம்பிக்கை: அப்படியானால் ஆலை விலையைக் கவனித்து நமக்கென்ன பயன்?

உண்மை: அது முன்னறிவிப்பு. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில் மீதான இறக்குமதி வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமானது. சோப்புக்குப் பாமாயில் முக்கிய மூலப்பொருள். சில மாதங்களுக்குள் ஹிந்துஸ்தான் யூனிலீவர், விப்ரோ போன்ற நிறுவனங்கள் சோப்பு விலையை ஏற்றின. மூலப்பொருள் விலை எப்போது நகர்கிறது என்று பார்த்துவந்தால் குளியலறைச் செலவு எப்போது ஏறும் என்று ஊகிக்கலாம். தயாரிப்பாளர் கைக்கு வரும் விலையை இன்னும் நேராக அளக்கும் உற்பத்தியாளர் விலைக் குறியீட்டுக்கு அமெரிக்கா 1978-லேயே மாறியது. இந்தியாவில் அதற்கு வழி வகுக்க 2025 ஜனவரியில், நிதி ஆயோக் உறுப்பினராக இருந்த ரமேஷ் சந்த் தலைமையில் குழு அமைக்கப்பட்டது.

நம்பிக்கை: பாக்கெட்டில் அச்சிட்ட விலையைப் பார்த்தால் போதும்.

உண்மை: அளவையும் பார்க்க வேண்டும். 2024 ஜூனில் கர்நாடகத்தின் நந்தினி பால் அரை லிட்டர் பாக்கெட்டில் 50 மில்லி கூட்டி, 2 ரூபாய் ஏற்றினார்கள். 2025 ஏப்ரலில் அந்தக் கூடுதல் பால் நின்றது. லிட்டருக்கு 4 ரூபாய் உயர்ந்தது. லிட்டர் கணக்கில் எழுதி வைத்தவருக்கே முழு உயர்வும் தெரிந்திருக்கும். குறியீடு தயாரிப்பவர்களும் அளவை வைத்துத்தான் விலையை ஒப்பிடுகிறார்கள்.

நம்பிக்கை: மொத்த விலை இறங்கிய வருடத்தில் சம்பள உயர்வு கேட்பது நியாயமில்லை.

உண்மை: முழுக்க நியாயம். கர்நாடகத்தில் குறைந்தபட்சச் சம்பளத்தோடு ஆண்டுதோறும் ஏப்ரலில் கூடும் டி.ஏ. (அகவிலைப்படி), நுகர்வோர் விலைக் குறியீட்டைச் சார்ந்தது. ரிசர்வ் வங்கிக்கு 2016-ல் வகுக்கப்பட்ட 4 சதவீத இலக்கும் சில்லறைப் பணவீக்கத்துக்கே. முதலாளி மொத்த விலை எண்ணைக் காட்டினால், சில்லறை எண்ணை எடுத்து வையுங்கள். தொழிலாளி வாங்கிச் சாப்பிடுவது அந்த விலையில்தான்.