பொங்கல் சாப்பிட்டுவிட்டு எடுத்த சர்க்கரைச் சோதனை சரியா?

கேள்வி: என் மருமகளுக்கு இது ஆறாம் மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 158 வந்ததாம். "2 வாரம் சாப்பாட்டைக் கவனியுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று காலை அவள் பொங்கல் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். வெறும் வயிற்றில் எடுக்காத சோதனையை எப்படி நம்புவது? இரண்டு வீட்டிலும் யாருக்கும் சர்க்கரை கிடையாது. ரெண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டியவளுக்குச் சோற்றைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.
- ஒரு மாமியார், முத்தாபுதுப்பேட்டை

பதில்: நம்பலாம், அம்மா. கர்ப்பிணிகளுக்கென்றே யோசித்து வகுத்த முறை அது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுக்கெனத் தனித் துறை கண்ட டாக்டர் வி. சேஷய்யா பல ஆண்டுகள் பாடுபட்டு நிலைநிறுத்தியது. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வேண்டும். 2 மணி நேரத்தில் சர்க்கரை 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. உடல் சரியாக இன்சுலின் சுரக்கும் பெண்ணுக்குப் பொங்கலுக்கு மேல் குளுக்கோஸ் குடித்தாலும் அந்த அளவு தாண்டாது என்பதுதான் இதன் அடிப்படை. வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வரச் சொன்னால் கர்ப்பிணிகள் பலர் மறுபடி வருவதில்லை என்பதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். இந்த ஒற்றைச் சோதனை சிலரைத் தவறவிடும் என்று வாதாடும் ஆய்வாளர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் அது விட்டுப்போகிறவர்களைப் பற்றிய கவலை. உங்கள் மருமகள் விட்டுப்போகவில்லை.

டாக்டர் சேஷய்யாவின் குழு 12,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சோதித்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டது. கர்ப்பகாலச் சர்க்கரை சென்னை நகரத்தில் 17.8 சதவீதம், சைதாப்பேட்டையில் 13.8, உங்கள் திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில் 9.9. கிராமத்திலேயே ஏறக்குறைய பத்தில் ஒருவர்! குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்கிற ஆறுதல் இங்கே செல்லாது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை என்று 2007-இலேயே தமிழ்நாடு முடிவெடுத்ததை நான் பெருமையாகவே நினைக்கிறேன்.

வம்சத்தில் இல்லாத சர்க்கரை எங்கிருந்து வந்தது? நஞ்சுக்கொடியிலிருந்து. அதில் சுரக்கும் ஹார்மோன்கள், குழந்தைக்குச் சாப்பாடு போய்ச் சேரட்டும் என்று தாயின் இன்சுலினை வேலை செய்யவிடாமல் மட்டுப்படுத்துகின்றன. மாதம் ஏற ஏற இது கூடும். தாயின் கணையம் ஈடுகொடுத்துக் கூடுதலாகச் சுரந்தால் பிரச்சினை இல்லை. முடியாதபோது ரத்தத்தில் சர்க்கரை தேங்கும். அந்தச் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. ஆகவே குழந்தை தன் பங்குக்குத் தானே இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது, கொழுப்புச் சேர்ந்து பெருக்கிறது. பிறந்து தொப்புள்கொடி அறுந்ததும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், இன்சுலின் உடனே நிற்காது. முதல் சில மணி நேரத்தில் பச்சைக்குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிப்போவது இதனால்தான். 'நல்ல புஷ்டியான குழந்தை' என்று நாம் கொண்டாடும் நாலு கிலோ எனக்குச் சந்தோஷம் தருவதில்லை.

இப்போது சோற்றுக்கு வருகிறேன். மருமகளைப் பட்டினி போடச் சொல்லவில்லை; ஒரு வேளையைக்கூடத் தவிர்க்கக் கூடாது. ஒரே தடவையில் தட்டில் குவிப்பதைத்தான் நிறுத்த வேண்டும். காலை வேளையில் சர்க்கரை அதிகமாக எகிறும் என்பதால் அங்கிருந்து தொடங்குங்கள். குழைந்த பொங்கலுக்குப் பதில் இரண்டு இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார், ஒரு முட்டை. பதினோரு மணிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல். மதியம் ஒரு கிண்ணம் சோறு, அதைவிடக் கூடுதலாகக் கீரையும் பொரியலும், கூடவே பருப்போ மீனோ. மாலையில் மோர், வேர்க்கடலை. ராத்திரி படுக்குமுன் சர்க்கரை போடாத பால். ஜூஸ், கஞ்சி, சர்க்கரை கலந்த சத்து பானம் எதுவும் வேண்டாம். அங்கன்வாடிச் சத்துமாவில் வெல்லம் இருக்கிறது; கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழமும் வரும். இரண்டையும் எவ்வளவு தரலாம் என்று நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் நடக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாலொழிய, சாப்பிட்டபின் கொஞ்சம் நடக்கட்டும்.

2 வாரம் கழித்து, சாப்பிட்டு 2 மணி நேரத்தில் எடுக்கும் சர்க்கரை 120-க்குள் இருந்தால் இதே சாப்பாட்டோடு தொடரலாம். தாண்டினால் டாக்டர் மாத்திரையோ இன்சுலினோ எழுதுவார். இன்சுலின் குழந்தையைப் பாதிக்காது, பயந்து மறுத்துவிடாதீர்கள்.

குழந்தை பிறந்ததும் பெரும்பாலும் சர்க்கரை தானாக இறங்கிவிடும். அதோடு எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். இந்தப் பெண்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவமாகி 6 வாரத்தில் மறுபடி குளுக்கோஸ் சோதனை எடுக்க வேண்டும்; குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிப் போகும் அதே நாளில் மருமகளுக்கும் எடுத்துவிடுங்கள்.